முதலில் பணம், பிறகு விலை

கேள்வி: பெட்ரோல் மானியத்தில் எந்த அரசு கைவைத்தாலும் தெருவில் கலவரம்தானா? ஏழை வயிற்றில் அடிக்காமல் அதைச் சீர்திருத்தவே முடியாதா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: முடியும். முடிந்ததற்கும் முடியாமல் போனதற்கும் ஈரான் ஒன்றே சாட்சி!

மலிவு பெட்ரோலால் கொழிப்பது கார் வைத்திருப்பவர்தான். இரண்டு கார் இருந்தால் மானியமும் இரட்டிப்பு. 2010 டிசம்பரில் ஈரான் விலையை ஏற்றியது. லிட்டர் 1,000 ரியாலாக இருந்த ரேஷன் பெட்ரோல் 4,000 ஆனது. ஆனால் அதற்கு முன்பே, தலைக்கு மாதம் 4 லட்சம் ரியாலுக்கு மேல் என்ற கணக்கில் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணம் போட்டுவிட்டார்கள். ஊர் கொந்தளிக்கவில்லை.

பிறகு அந்தத் தொகையை உயர்த்தாமலே விட்டார்கள். விலைவாசி அதைத் தின்று தீர்த்தது. 2019 நவம்பரில், நள்ளிரவில் சொல்லாமல் கொள்ளாமல் பெட்ரோல் விலையை ஏற்றினார்கள். போராட்டம் வெடித்தது, அடக்குமுறையில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலையை உருவினால் யார் சும்மா இருப்பார்கள்?

பணம் முதலில் கைக்கு வரட்டும். விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறட்டும். அதற்குப் பிறகு விலையைத் தொடுங்கள். இந்த வரிசை மாறினால் அதற்குப் பெயர் சீர்திருத்தம் அல்ல, பறிமுதல்!