சாப்பாட்டுக்கு மட்டும் இடமில்லை

எங்கள் வீட்டு டைனிங் டேபிள் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகச் செய்தது. வீட்டில் இருப்பது ஐந்து பேர். கணக்குப்படி ஓர் இடம் மிச்சம் வர வேண்டும். ஆனால் ஒரு தட்டு வைக்கக்கூட இடம் கிடையாது. நான் டிவி முன்னால் மடியில் தட்டோடு உட்கார்ந்துகொள்கிறேன். மகன் அவன் அறையில் லேப்டாப்போடு சாப்பிடுகிறான். மகள் நின்றபடியே இரண்டு தோசையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். முட்டிவலி வந்த பிறகு அம்மாவுக்கு ஜன்னலோரத்து பிளாஸ்டிக் நாற்காலி. எல்லோருக்கும் போட்டுவிட்டு மனைவி எங்கே சாப்பிடுகிறாள் என்பது இன்றுவரை துப்புத் துலங்காத விஷயம்.

சரி, மேஜைமேல் அப்படி என்னதான் இருக்கிறது?

சுவரோரம் மருந்துப் பிரிவு. அம்மாவின் சர்க்கரை மாத்திரைகள் மைசூர்பாகு டப்பாவில் இருக்கின்றன. பக்கத்தில் பிரஷர் பார்க்கும் மெஷின், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர், பாதி தீர்ந்த இருமல் மருந்து. இவற்றுக்கு நடுவே கத்தரித்த மாத்திரை அட்டைகள் சில. மருந்துக் கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருவார்கள் அல்லவா? பேரும் தேதியும் அச்சான ஓரம் எப்போதும் கடைக்காரரிடமே தங்கிவிடும். நம் கைக்கு வருவது பெயரில்லாத வெள்ளை மாத்திரைதான். அது காய்ச்சலுக்கா, வயிற்றுக்கா, காலாவதி ஆகிவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே அதைத் தூக்கிப் போடவும் மனசு வராது.

அடுத்தது பில் பிரிவு. கடைகளில் மெஷின் கக்கும் பில்லுக்கு மை கிடையாது. தாளில் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுத்து எழுத்தாகிறது. பத்திரமாக வைத்திருந்தால் நாளடைவில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். பத்திரமாக வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மிக்ஸி பில்லே சாட்சி. அதன்மேல் யாரோ கொதிக்கிற ரசத்தை இறக்கி வைத்ததில் கடையின் பெயர், தேதி, தொகை எல்லாம் ஒரு கறுப்பு வட்டத்துக்குள் போய்விட்டன. மிக்ஸிக்கு வாரண்டி இன்னும் இருக்கிறது. பில்லுக்குத்தான் முழு கிரகணம் பிடித்துவிட்டது.

மூன்றாவது பிரிவில் யாரும் கை வைக்க முடியாது. அது கல்யாணப் பத்திரிகைகள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். குப்பையில் போடக் கூடாது, கிழிக்கக் கூடாது, காலில் படக் கூடாது. "சாமி படம்டா" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. ஒரு ஜோடியின் கல்யாணப் பத்திரிகைமேலேயே அவர்களுடைய குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகையும் வந்து படுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அந்தந்தக் கல்யாணங்களின் தாம்பூலப் பைகள், ஒரு பைக்குள் இன்னொரு பையாக.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டுவதாக மகள்தான் கிளம்பினாள். மாரி கோண்டோ என்ற ஜப்பான் அம்மையார், வீட்டை ஒழுங்குபடுத்துவதையே ஒரு கலையாக்கி உலகப் புகழ் பெற்றவர். 2019-ல் நெட்ஃபிளிக்ஸிலும் வந்தார். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்க வேண்டும், அது மகிழ்ச்சி தருகிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். அவருடைய முறை இதுதான்.

நான் முதலில் எடுத்தது கரண்ட் பில் கட்டிய ரசீது. அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தருகிற உணர்ச்சிக்கு மகிழ்ச்சி என்று பெயர் இல்லை. பிரஷர் மெஷினைக் கையில் எடுத்தாலே பிரஷர் ஏறுகிறது. அம்மா ஒரு பாட்டில் மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டில் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. "சந்தோஷம் ஒண்ணும் தரலைதான். ஆனா என்னைக்காவது உதவும்" என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அந்த 'என்னைக்காவது'வை ஜெயிக்க எந்த ஜப்பான்காரராலும் முடியாது.

2023-ல் கோண்டோ அம்மையாரே, மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டதாகச் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்த என் மனைவி, "பரவாயில்லையே, மூணாவது வரைக்கும் தாக்குப் பிடிச்சிருக்காங்க" என்றாள்.

அடுத்து அவளே களத்தில் இறங்கினாள். மூன்று பிளாஸ்டிக் கூடைகள் வந்தன. முக்கியம், மிக முக்கியம், இதர என்று சீட்டு ஒட்டினாள். ஒரே வாரத்தில் எல்லாம் 'இதர'வுக்குக் குடிபெயர்ந்தன. 'மிக முக்கியம்' கூடையில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

போகி இருக்கிறதே என்பீர்கள். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்ததில் விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். ஊர் அத்தனை எரித்தும், எங்கள் வீட்டின் பங்கு ஒரு கோரைப்பாய்தான். பழைய பேப்பர்க்காரரிடமும் கதை இதேதான். அவர் தராசைத் தூக்கிப் பிடித்த பிறகு, கட்டிலிருந்து ஆன்மிக மலர்களை அம்மா ஒவ்வொன்றாக உருவிக்கொண்டார். அவர் எடை போட்டுக்கொண்டே இருந்தார். எடை குறைந்துகொண்டே வந்தது.

உண்மையில் பலித்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூரத்துச் சொந்தம் ஒருவர் போன் செய்தார். "பக்கத்துலதான் இருக்கோம், ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு..."

மனைவி கட்டிலிலிருந்து பெட்ஷீட்டை உருவினாள். "என்னங்க, அந்தப் பக்கம் பிடிங்க!" மாத்திரை, பில், பிள்ளையார், பாட்டில் மூடி எல்லாம் ஒரே வாரலில் பெட்ஷீட்டுக்குள் போயின. நாலு முனையும் சேர்த்து ஒரு முடிச்சு. மூட்டை படுக்கையறைக் கட்டில்மேல். கதவைச் சாத்தினோம். வந்தவர் மேஜையைத் தடவிப் பார்த்து, "வீட்டை எவ்ளோ நீட்டா வெச்சிருக்கீங்க" என்றார். மனைவி அடக்கமாகச் சிரித்தாள்.

அவர்கள் போன பிறகு, மேஜை காலியாக இருக்கிறதே என்று நாங்கள் ஐந்து பேரும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகன் கத்தரிக்காயைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தாள். மனைவி எங்கே சாப்பிடுகிறாள் என்பதும் ஒருவழியாகத் தெரிந்தது. அடுத்த சில நாட்களும் அப்படியே போயின. தட்டு வைக்கிற இடத்தில் யாருக்கும் பில்லை வைக்கத் தோன்றவில்லை. என்றைக்கு டிவியில் கிரிக்கெட் வந்து ஆளுக்கொரு மூலைக்குப் போனோமோ, அன்று மாலையே முதல் கல்யாணப் பத்திரிகை மேஜைக்கு வந்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: சாப்பாட்டு மேஜையைக் காலியாக வைத்திருக்கக் கூடையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். அதில் சாப்பிட்டால் போதும். எங்களுக்கு அந்த ஒழுக்கம் தானாக வராது என்பதால் உற்றார் உறவினருக்கு ஒரு வேண்டுகோள். அடிக்கடி வாருங்கள். அரை மணி நேரம் முன்னால் ஒரு போன் செய்துவிட்டு வாருங்கள். கல்யாணத்துக்கு அழைப்பதாக இருந்தால் மட்டும், பிள்ளையாரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.