முதல் பெஞ்சு மூத்தவர்

வகுப்பு பத்து மணிக்கு என்றால் ஒன்பதேகாலுக்கே வந்துவிடுவார். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, எந்த சுவிட்சுக்கு எந்த ஃபேன் என்று கண்டுபிடித்து, அதற்கு நேர் கீழே முதல் பெஞ்சில் கர்ச்சீஃப் போட்டு இடம் பிடித்தாகிவிடும். டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்த தலைமுறை. தோளில் மகளுக்கு ஐ.டி. கம்பெனி கொடுத்த பை. அதற்குள் இருநூறு பக்க நோட்டு, மூன்று நிறப் பேனா, படிக்க ஒன்று போர்டு பார்க்க ஒன்று என்று இரண்டு கண்ணாடி, பிளாஸ்க்கில் வெந்நீர், சுகர் மாத்திரை, சுகர் இறங்கிவிட்டால் வாயில் போட்டுக்கொள்ளக் கடலை மிட்டாய். பாடப் புத்தகம்தான் இருக்காது. அது வீட்டில் அட்டை போட்டு பத்திரமாக இருக்கிறது.

தாசில்தாராக ஓய்வு பெற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி மேலாளராகவும் இருக்கலாம், மின்வாரியமாகவும் இருக்கலாம். தலைமையாசிரியராக மட்டும் இருக்க மாட்டார். அவர்கள் வகுப்பில் உட்கார வருவதில்லை, எடுக்கத்தான் வருவார்கள். மாம்பலம், நங்கநல்லூர், தாம்பரம் என்று எந்த மூலையில் சனி ஞாயிறு வகுப்பு நடந்தாலும் நம்மவர் ஆஜர். கிரந்தம், வானியல், பங்குச்சந்தை, மாடித்தோட்டம் எதையும் விட்டதில்லை. எதையும் முடித்ததுமில்லை என்று வீட்டம்மா சொல்வது அபாண்டம். மாடித்தோட்ட வகுப்பை முடித்தார். மாடியில் காலி க்ரோ பேக் நிறைய இருக்கிறது.

முதல் நாள், வாத்தியாராக வந்த பையன் ஒன்றும் அறியாதவன். "எல்லாரும் பேரையும், எதுக்காக வந்திருக்கீங்கன்னும் ஒரு வரியில சொல்லுங்க" என்று கேட்டுவிடுவான். நம்மவர் எழுந்து 1978-இல் இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்ததிலிருந்து தொடங்குவார். கும்பகோணம், திருத்துறைப்பூண்டி, இடையில் ஒரு கலெக்டரோடு நடந்த மனத்தாங்கல். ஆர்.ஐ. ஆவதற்குள் டீ வந்துவிடும். டீக்குப் பிறகு எழுந்த பெண் பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். அதற்கு வாழ்க்கையில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, பாவம்.

அவருடைய "சின்ன சந்தேகம்" இருக்கிறதே, அதில் சந்தேகம் இருக்காது. மூன்று நிமிஷம் பேசி, "கரெக்ட்தானே சார்?" என்று முடிப்பார். வகுப்பில் சார், வெளியே டீக்கடையில் அதே பையன் தம்பி. "தம்பி, போர்டுல இன்னும் கொஞ்சம் பெருசா எழுதணும். நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க."

கல்வெட்டு வகுப்பில் அவரைப் பார்க்க வேண்டும். திரையில் கல்வெட்டின் மைப்படி விழுந்ததும், வாத்தியார் வாய் திறக்கும் முன் "ஸ்வஸ்திஸ்ரீ!" என்று முழங்குவார். பெரும்பாலான கல்வெட்டுகள் அப்படித்தான் தொடங்கும் என்பதால் அதுவரை ஆபத்தில்லை. அதற்கு அடுத்த எழுத்தில்தான் தகராறு. பழைய கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். மற்றவர்கள் எழுத்துக் கூட்டித் தடவிக்கொண்டிருக்க, நம்மவர் சரளமாக வாசித்துக்கொண்டே போவார். கல்லில் இருப்பதை அல்ல. இருக்கவேண்டியது என்று அவருக்குத் தோன்றுவதை.

ஆனால் ஒரு நாள், தானம் கொடுத்த நிலத்துக்குக் கீழ்பால் எல்லை, தென்பால் எல்லை என்று கல்வெட்டு அடுக்கிக்கொண்டே போனது. வேலியும் மாவும் குழியும் வந்தன. வாத்தியார் கால்குலேட்டரைத் தேடினார். "ஒரு வேலிக்கு இருபது மா. மாவுக்கு நூறு குழி. மூணு மா ஒரு ஏக்கர், ஏறக்குறைய" என்று நம்மவர் நோட்டைப் பார்க்காமலே சொன்னார். அடுத்த வரியில் வாய்க்கால் எந்தத் திசையில் ஓட வேண்டும், அதை எதற்காக எல்லையாகக் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். வாத்தியார் எழுதிக்கொண்டார். சோழர் காலத்துக்கு மட்டும் ஒரு வி.ஏ.ஓ. தேவைப்பட்டால் இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அன்றைக்கு ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

களப்பயணத்தில் பழையபடி அதிகாரி ஆகிவிட்டார். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி பிரஷ்ஷால் தட்டி, அதன்மேல் மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். பிள்ளைகள் தட்டினார்கள். இவர் பின்னால் நின்று, "அந்த ஓரம், அந்த ஓரம்" என்று மேற்பார்வை பார்த்தார். படி நன்றாக வந்தது. அவர் வேட்டியிலும்.

மழைக்காலத்தில் என்.பி.டெல். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் ஆன்லைனில் நடத்தும் பன்னிரண்டு வாரப் பாடம். கேட்பது இலவசம், தேர்வுக்குத்தான் பணம். அசைன்மென்டுக்கு 25 மார்க், மையத்தில் போய் எழுதும் தேர்வுக்கு 75. புதன்கிழமை இரவு 11.59-க்குள் அசைன்மென்ட் போடவேண்டும் என்பதால் அந்தப் பன்னிரண்டு புதன்கிழமையும் வீட்டில் யாரும் தூங்கவில்லை. பெங்களூரிலிருந்து பேரன் போனில், "தாத்தா, சப்மிட்னு நீலமா ஒரு பட்டன் இருக்கும்" என்று ஆரம்பிப்பான். தேர்வு நாளன்று வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனாவோடு ஹாலுக்குள் நுழைந்தார். பறக்கும் படை என்று நினைத்து இன்ஜினீயரிங் பையன்கள் மொத்தமும் எழுந்து நின்றது. இவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, ஹால் டிக்கெட்டை எடுத்துத் தன் நம்பரைத் தேடினார். மார்க் எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. எழுந்து நின்றதை வாரம் ஒருமுறையாவது சொல்கிறார்.

அவருடைய வகுப்புத் தோழர் ஒருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. 1965-இல் பள்ளிக்கூடப் பையனாக, இந்தி எழுத்தை அழிக்கப்போன அண்ணன்மாருக்குத் தார் டப்பா தூக்கியவர். இப்போது புனேயில் இருக்கும் பேத்தியோடு பேச வேண்டுமென்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து இந்தி பிராத்மிக் தேர்வு எழுதுகிறார். பக்கத்துச் சிறுமி விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டதாம். அதில்தான் அவருக்கு வருத்தம்.

நம்மவருக்கு வெளிநாட்டு முன்னுதாரணமும் தெரியும். பிரான்சில் துலூஸ் நகரத்தில் 1973-லேயே முதியவர்களுக்கென்று பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்ஆப் குழுவில் மாதம் ஒருமுறை போடுவார். பிரிட்டனுக்குப் போன அந்த யோசனையில் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார், அவ்வளவுதான். இதைக் கேட்டபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "சர்ட்டிஃபிகேட் இல்லையா? அப்புறம் எதுக்குப் படிக்கிறது?" வரவேற்பறைச் சுவரில் ஆணி அடிக்க இடம் தீர்ந்துபோனது வேறு விஷயம்.

இத்தனைக்கும், 1991-இல் புதுக்கோட்டை மாவட்டமே அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் பழகியபோது இவருக்கு அங்கேதான் வேலை. கல்குவாரிப் பெண்கள் இரவில் எழுத்தும் பகலில் சைக்கிளும் கற்றுக்கொண்டிருந்தார்கள். "இந்த வயசுல இவங்களுக்கு எதுக்குங்க அ, ஆ?" என்று ஆபீசில் கேட்டவர் இவர். கேட்டது நினைவில்லை, நினைவூட்டினால் அன்றைக்கு லீவு என்கிறார்.

கேரளத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-இல், தமது 96-வது வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கிய செய்தியை வீட்டம்மா வாசித்துக் காட்டினார்.

"ரெண்டு மார்க் எதுல போச்சாம்?" என்றார் இவர், தாசில்தார் குரலில்.

"ஏங்க, அந்தம்மா படிக்கப் போனாங்க. நீங்க டீக்குப் போறீங்க" என்றார் அவர்.

ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் பணம் கட்டுவது அந்த வீட்டம்மாதான். ஜிபே அவர் போனில்தான் இருக்கிறது. சனி ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்று வரை வீடு அவருடையது. மூன்றாவது காபி கிடையாது, டிவி ரிமோட் கையில், கதவைச் சாத்திக்கொண்டு அக்காவோடு போனில் பேசலாம். இதற்கு எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் தகும் என்பது அவர் கணக்கு.

அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்புக்கு வயது வரம்பு கிடையாது. பாடமெல்லாம் ஆன்லைன், மனிதர் வருஷக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். எங்காவது பார்த்தால் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.