தக்காளிக்கு எந்த ஊர்?

கேள்வி: பக்கத்து ஊரில் விளைந்ததை மட்டும் சாப்பிட்டால் பூமியும் பிழைக்கும், விவசாயியும் பிழைப்பார் என்கிறார்களே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். முதலில் பூமி. 2008-இல் வெபர், மேத்யூஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கர்களின் உணவைக் கணக்குப் போட்டார்கள். அதனால் எழும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 11 சதவீதம்தான். விளைவிப்பதிலேயே 83 சதவீதம். தண்ணீர் கட்டிய நெல்வயல் மீத்தேன் விடும். நம்ம தஞ்சாவூர் வயல் என்பதற்காக அடக்கிக்கொள்ளாது. லாரியை மட்டும் திட்டிப் பயனில்லை.

காசு போகும் வழியைப் பார்த்தால்தான் உள்ளூர்க் கட்சிக்கு வலு. 2024-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுப்படி, தக்காளிக்கு நாம் தரும் ஒரு ரூபாயில் விவசாயி கைக்குப் போவது சுமார் 33 காசு. மீதி கமிஷன், ஏற்றுகூலி, வாடகை, அழுகல். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. தூரப் பயணத்துக்காகத் தோல் தடித்த தக்காளி ரகங்களும் வந்துவிட்டன. லாரிக்குப் பொருத்தம், ரசத்துக்கு அவ்வளவாக இல்லை.

“மழை பொய்த்தால் வெளியூர் லாரிதானே கதி?” என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், லாரி பல திசையிலிருந்து வரும்வரை. ஆனால் தக்காளிக்குச் சென்னையின் கோயம்பேடு சந்தை பெரிதும் நம்பியிருப்பது கோலார், மதனப்பள்ளிப் பக்கத்தை. 2023 ஜூலையில் வரத்து குறைந்ததும் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. இங்கே அதிகம் விளையாத கோதுமைக்கு மட்டும் வேறு வழியில்லை. லாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சப்பாத்தி தேயுங்கள்.