புறாவும் நானும்

ஓர் உருவத்தை மனத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவதில் எனக்கு யாதொரு சிரமமும் இல்லை. நின்ற உருவத்தைச் சற்றே திரும்பச் சொன்னால்தான், நடுத்தெருவில் படுத்துவிட்ட எருமையைப் போல் அது அசைய மறுக்கிறது. இந்த உண்மையை, பொறியியல் வரைபடம் கற்பித்த ஆசிரியர் முதல், பீரோவைத் தோளில் சுமந்தபடி மாடிப்படித் திருப்பத்தில் நின்று, "இப்ப எந்தப் பக்கம் சாய்க்கணும், சார்?" என்று என்னைப் போய்க் கேட்ட சுமைகூலிக்காரர்கள் வரை, அநேகர் அனுபவபூர்வமாக அறிவார்கள்.

அமெரிக்காவில் ரோஜர் ஷெப்பர்டு, ஜாக்குலின் மெட்ஸ்லர் என்னும் இருவர், கனசதுரங்களை ஒட்டிச் செய்தாற்போன்ற கோணல்மாணல் உருவங்களை ஜோடி ஜோடியாகக் காட்டி, இரண்டும் ஒன்றேயா, வெவ்வேறா என்று கேட்டு, விடை வரும் நேரத்தை அளந்து 1971-இல் வெளியிட்டார்கள். கோணம் கூடக்கூட நேரமும் ஒரே சீராகக் கூடிற்று. மனம் வினாடிக்கு ஏறக்குறைய 60 பாகை வீதம் உருவத்தைச் சுழற்றுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதன்படி ஒரு பொருளைத் தலைகீழாக்க 3 வினாடி போதுமாம். எனக்கு அந்த அவகாசம் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கே காணாது.

இதனினும் பெரிய அவமானம் 1982-இல் காத்திருந்தது. ஹொலார்டு, டீலியுஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் புறாக்களிடம் இத்தகைய சோதனையொன்றை நடத்தியபோது, உருவம் எத்தனை பாகை திரும்பியிருந்தாலும் அவை தாமதம் கூடாமல் கொத்தி விடையளித்துவிட்டன. அன்று முதல், அதாவது இச்செய்தியைப் படித்த நாள் முதல், கோபுரத்துப் புறாக்களை நான் சற்று மரியாதையுடனேயே அண்ணாந்து பார்க்கிறேன்.

உருவத்தை மனத்துக்குள் திருப்பும் சாமர்த்தியம் மனிதர்க்கு அப்பியாசத்தால் வளரும் என்பதே ஆறுதல். டெட்ரிஸ் என்னும் கணினி விளையாட்டை ஆடினால் பெரும்பாலும் டெட்ரிஸ் கட்டைகளைத் திருப்பும் திறமையே வளர்கிறதென்று ஓர் ஆய்வு சொல்வதால், பீரோவுக்கு அது பிரயோஜனப்படாது. மிஷிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி இத்திறமையை வளர்க்கவென்றே 1993-இல் தொடங்கிய பாடத்தின் சாரமோ வேறு: பொருளைக் கையில் எடு, திருப்பு, பார்த்து வரை. நானும் சோப்புக்கட்டியைக் கோணலாகச் செதுக்கி, திருப்பித் திருப்பி வரைந்து, பின்பு அதை மறைத்துவைத்து வரைகிறேன். குளியலறையிலிருந்து எழும் ஆட்சேபங்களைப் பொருட்படுத்துவதில்லை. சோப்பு இல்லாவிடத்தில் வெறுங்கையைச் சுழற்றிப் பார்ப்பதும் மெய்யாகவே உதவுகிறது. ஆகையால், பஸ் நிறுத்தத்தில் ஒரு மனிதர் காற்றைத் திருகிக்கொண்டு நிற்கக் கண்டால், வாசகர்கள் தயைகூர்ந்து மந்திரவாதியைத் தேடி ஓட வேண்டாம்.