பச்சை கிளாவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மச்சினன் பையன் பெங்களூரிலிருந்து ஒரு லிங்க் அனுப்பினான். "மாமா, சும்மா அஞ்சு நிமிஷம் பாருங்க. டிசைன் எப்படி இருக்கு, உபயோகமா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நம்ம வீட்ல சீட்டு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

இந்த 'சும்மா'வுக்கு என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திறக்காமலே 'சூப்பர்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு கட்டைவிரலையும் நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போக வேண்டும். நானும் இதுவரை அப்படித்தான் வாழ்ந்துவந்தேன். அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தேன். காபி ஆறிப்போய், மதியச் சாப்பாடும் ஆறிய பிறகே எழுந்தேன்.

அது போக்கர் பழகுகிற தளம். பழக மட்டும்தான், காசு கிடையாது. திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, இணையத்தில் காசு வைத்து ஆடக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்துவிட்டது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லியிருப்பதைக் காட்டி, மாமனாரிடம் நான் முப்பது வருஷம் வாதாடியதெல்லாம் வீண். போகட்டும். பையன் 5,000 டம்மி சிப்ஸ் கொடுத்திருந்தான்.

முதலில் டிசைன்.

எழுத்தெல்லாம் வெள்ளையில் சாம்பல். பாட்டி போட்ட கோலம் மாதிரி, உற்றுப் பார்த்தால் இருக்கிறது. பந்தயத்தை ஏற்ற ஒரு கோடு, அதில் ஒரு குமிழ். 50 வைக்கலாம் என்று கட்டைவிரலை நகர்த்தினால் 1,500-ல் போய் நிற்கிறது. எது பெரியது, ஃப்ளஷ்ஷா ஸ்ட்ரெய்ட்டா என்று கேள்விக்குறியைத் தொட்டால் ஒரு பட்டியல் வந்து மேஜையையே மூடிவிடுகிறது. அதற்கு அடியில் 15 நொடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாது. பட்டியலை மூடுவதற்குள் நம்மை ஸ்கூட் விட வைத்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் விரிக்கிற பவானி ஜமக்காளத்தில் இந்தத் தொல்லை உண்டா? "ஒரு கை குறையுது, வாங்க சார்" என்பார்கள். உட்கார்ந்தால் ஆட்டம்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். கிளாவரைப் பச்சையாக்கியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஆமாம், பச்சை. டைமண்ட் நீலம். ஆட்டினைச் சிவப்பாகவும் ஸ்பேடைக் கறுப்பாகவும் விட்டுவைத்ததே பெரிய மனசு. பிரெஞ்சுக்காரர்கள் 15-ஆம் நூற்றாண்டில் இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு என்று தீர்த்துவைத்த விவகாரம் இது. பையனுக்கு உடனே போன் போட்டேன். "உலகம் பூரா போக்கர் தளத்துல இப்படி ஒரு கட்டு இருக்கும் மாமா. ஃப்ளஷ் பார்க்கும்போது கிளாவரையும் ஸ்பேடையும் குழப்பிக்கக் கூடாதுல்ல?" என்றான். 52 சீட்டில் ஐந்தை எடுக்க 25,98,960 வழி. அதில் சாதா ஃப்ளஷ் வெறும் 5,108. அந்த 5,108-க்காக மீதி இருபத்தைந்து லட்சத்துக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

"கிளாவர்னா இலைதானே மாமா, இலை பச்சைதானே?" என்றான். அப்படிப் பார்த்தால் ஸ்பேடுன்னா மண்வெட்டி, பிடியை எங்கே என்றேன். வைரம் நீலமாக இருந்தால் எந்த நகைக்கடையிலாவது வாங்குவார்களா என்றும் கேட்டேன். உள்ளேயிருந்து மனைவி, "எங்க பாட்டி தோடு ப்ளூ ஜாகர்தான், மறந்துடுச்சா?" என்றாள். யார் கட்சி என்று தெரிந்துவிட்டது, தம்பி பையனாச்சே.

விடவில்லை நான். ஜெர்மனியில் ஸ்காட் என்று ஒரு சீட்டாட்டம் உண்டு. 1990-ல் கிழக்கும் மேற்கும் ஒன்றானபோது, ஒரு பக்கத்தார் ஜெர்மன் சின்னங்களுக்குப் பழகியவர்கள், இன்னொரு பக்கத்தார் பிரெஞ்சுச் சின்னங்களுக்கு. போட்டிகளுக்காகச் சமாதானமாக ஒரு நாலு நிறக் கட்டு செய்தார்கள். அதில் பச்சை எது? ஸ்பேட்! டைமண்ட் மஞ்சள்! ஆக நாலு நிறக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பையன் மீட்டிங் என்று வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்?

அடுத்து நடந்ததை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கையில் கிளாவர் ராஜா, ஒரு ஒன்பது. மேஜையில் மூன்று கிளாவர். கண்ணுக்கு நல்லது என்று மனைவி என் போனை எப்போதும் மஞ்சள் வெளிச்சத்தில் வைத்திருப்பாள். அந்த மஞ்சளில் நீலம் பச்சையோடு பச்சையாகிவிடும் என்று யார் கண்டது? ஐந்தும் பச்சை, ஃப்ளஷ்! சின்னத்தையெல்லாம் யார் பார்க்கிறார்கள், நாற்பது வருஷக் கண் நிறத்தைத்தான் பார்க்கும். இருந்த சிப்ஸ் முழுவதையும் நடுவில் தள்ளினேன். எதிரே கண்ணாடி போட்ட கரடிப் படத்தோடு உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் இரண்டு ஜோடியைக் காட்டி வாரிக்கொண்டது. என் ஒன்பது டைமண்ட். பழைய கட்டாக இருந்தால் அது சிவப்பாக, வாசலில் நிற்கிற கடன்காரன் மாதிரி, தெரிந்திருக்காதா?

சாயங்காலம் மறுபடி போன் போட்டேன். "ஏன்டா, பழைய ரெண்டு கலர் எங்கேயாவது செட்டிங்ஸ்ல இருக்கா?"

"முதல்ல ரெண்டு கலர்தான் மாமா இருந்துச்சு. போன மாசம் நாலா மாத்தலாமான்னு படம் அனுப்பி எல்லார்கிட்டயும் கேட்டேனே. நீங்க சொன்னதும்தான் மாத்தினேன்."

வாட்ஸ்ஆப்பை மேலே தள்ளிப் பார்த்தேன். நாலு நிறத்தில் நாலு சீட்டு, அதற்குக் கீழே என் 'சூப்பர்'. பக்கத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல்.