மந்திரிசபைக்குள் ஒரு மந்திரிசபை

கேள்வி: கூட்டுப்பொறுப்பு வகிக்கும் மந்திரிசபைக்குள்ளே கமிட்டிகள் எதற்கு?

பதில்: காரியம் துரிதமாக நடப்பதற்கு என்பது சாஸ்திரம், ஆட்சேபிப்பவர்களைக் கௌரவமாக வெளியே நிறுத்துவதற்கு என்பது அனுபவம். பிரிட்டிஷ் பிரதமர் அட்லி, அணுகுண்டு செய்வதென்ற மகத்தான தீர்மானத்தை, முழு மந்திரிசபையின் முன் வையாமல், 1947 ஜனவரியில், தம்மோடு சேர்த்து ஆறே மந்திரிகள் அடங்கிய ரகசியக் கமிட்டியில் முடித்துக்கொண்டார். செலவு தாங்காதென்று அதற்கு முன்பே முறையிட்டிருந்த நிதி மந்திரி டால்டனுக்கும் வர்த்தக மந்திரி கிரிப்ஸுக்கும் அங்கே ஆசனமில்லை. (பந்தி நடுவே மளிகைக் கணக்கை நீட்டுகிறவரை யார்தான் விருந்துக்கு அழைப்பார்கள்?) ஏனைய மந்திரிகளோ, தாம் அறியாத தீர்மானத்துக்கும் சம்பிரதாயப்படி பொறுப்பாளிகளாயினர். இவ்விதம் பரம ரகசியமாகப் போற்றப்பட்ட நிரந்தரக் கமிட்டிகளின் பட்டியலைப் பிரஜைகளின் பார்வைக்கு வைத்தது, 1992-இல், ஜான் மேஜரின் அரசாங்கந்தான்.