உத்தரவாதம் முடிந்தவனின் விண்ணப்பம்

அனுப்புநர்:
உத்தரவாதம் முடிந்த வாடிக்கையாளர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
பெயர் சொன்னால் கோபித்துக்கொள்ளும் மடிக்கணினி நிறுவனம்.

பொருள்: விண்டோஸ் புதிதாகப் போட்டபின் வைஃபை, சவுண்டு, டச்பேட் ஆகியோர் பணிக்குத் திரும்பாமை – தக்க நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் உதவி எண்ணில் காத்திருந்தபோது நான் கேட்ட இசை.

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்று என் வீட்டில் வசித்துவருகிறது. பணம் கட்டியது நான், ரசீதும் என் பெயரில்தான். இருந்தாலும் அதன் உண்மையான உரிமையாளர் யார் என்பது ஃபார்மட் அடித்த அன்றுதான் தெரிந்தது.

ஏன் அடித்தாய் என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோனது. டிபிஎம் 2.0 இருக்கிறதா, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததா என்ற தகுதித் தேர்வையெல்லாம் தங்கள் கணினி நல்லபடியாகவே தேறியது. ஆகவே பழையதைத் துடைத்துவிட்டு 11 போட உட்கார்ந்தேன்.

எங்கே போடட்டும் என்று கேட்டது விண்டோஸ். கேட்டுவிட்டு அதுவே வெறும் பட்டியலைக் காட்டியது. எஸ்எஸ்டி உள்ளேதான் இருக்கிறது, நேற்றுவரை வேலை செய்தது, இன்று ஆளைக் காணோம். பதினோராம் தலைமுறை இன்டெல் தொடங்கிப் பல மடிக்கணினிகளில் விஎம்டி என்றொரு ஏற்பாடு இருக்கிறதாம். டிஸ்க் அதற்குப் பின்னால் நின்றுகொள்ளும். அதற்குரிய டிரைவரைப் பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' என்ற இடத்தில் காட்டினால்தான் முகம் காட்டும். பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டாலும் போதும், அந்தத் தெரிவைத் தயாரிப்பாளர் மறைத்து வைக்காமல் இருந்தால். இதையெல்லாம் பெட்டியோடு வந்த கையேட்டில் தேடினேன். திரவம் சிந்தக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று பல மொழிகளில் அறிவுரை இருந்தது.

அடுத்து விண்டோஸ் 11 இணையம் கேட்டது. இணைத்தால்தான் மேற்கொண்டு நகருமாம். இணைக்க வைஃபை வேண்டும். வைஃபைக்கு டிரைவர் வேண்டும். டிரைவர் தங்கள் இணையதளத்தில் இருக்கிறது. லேன் கேபிள் செருகலாம் என்றால், மெலிந்த உடம்புதான் அழகு என்று தாங்கள் அந்தத் துளையை எப்போதோ எடுத்துவிட்டீர்கள். முன்பெல்லாம் டிரைவர் சிடி ஒன்று பெட்டிக்குள் வரும். பிறகு சிடியை நிறுத்தி, டிரைவர்களை அதே டிஸ்கின் ஒரு ஓரத்தில் ரெக்கவரி பார்ட்டிஷன் என்று வைத்தீர்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டும் இந்த யோசனை யாருடையது? அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

கடைசியில் காப்பாற்றியது என் ஆண்ட்ராய்டு போன். கேபிளால் செருகி யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டதும், விண்டோஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொண்டது. கணினிக்கு எந்த உறவும் இல்லாத போன் அது. உள்ளேயே திருகி மாட்டியிருந்த வைஃபை கார்டோ அப்போதும் வாய் திறக்கவில்லை.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். வரிசையாக மஞ்சள் முக்கோணங்கள், நடுநடுவே 'அன்னோன் டிவைஸ்'. தங்கள் தொழிற்சாலையில் தங்கள் ஆட்கள் மாட்டிய பாகம், தங்கள் கணினிக்கே அடையாளம் தெரியாதவராக நிற்கிறது. நல்லவேளையாக, சாதனங்கள் தங்களைப்போல் அல்ல, பூர்வீகத்தை மறைப்பதில்லை. பிராப்பர்ட்டீஸ் போய் டீடெயில்ஸில் ஹார்ட்வேர் ஐடியைப் பார்த்தால் எல்லாம் எழுதியிருக்கிறது. வென் 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த தன் சிப்பின் பெயரையே அந்த நிறுவனம் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது (இந்த அளவுக்குக் குறும்புள்ள ஆட்கள் தங்களிடமும் இருந்தால் நன்றாக இருக்கும்). 10இசி என்றால் தைவானின் ரியல்டெக். அந்த எண்ணைக் கொண்டு தேடினால் எது யார் என்று விளங்கிவிடும்.

பிறகு தங்கள் தளத்துக்கு வந்தேன். ஒரே மாடலுக்கு வைஃபை டிரைவர்கள் நான்கு: இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம். அந்தந்த மாதம் எந்தக் கார்டு கைக்குக் கிடைத்ததோ அதை மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள். வெளியே ஒரே பெயர், ஒரே விலை, ஒரே விளம்பரம். எனக்கு வந்தது எது என்று பெட்டியிலும் இல்லை, ரசீதிலும் இல்லை. தானாகக் கண்டுபிடிக்கும் செயலியை நிறுவுங்கள் என்கிறது தளம். அந்தச் செயலிக்கும் இணையம் வேண்டும்.

டச்பேட் விவகாரம் இன்னும் ரசமானது. இக்கால டச்பேட் பெரும்பாலும் ஐ2சி வழியாகப் பேசுகிறது. அந்த வழிக்கு சீரியல் ஐஓ டிரைவர் போடாதவரை, டச்பேட் என்று ஒன்று இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. ஆக, சிப்செட்டும் சீரியல் ஐஓவும் முதலில், டிஸ்ப்ளேயும் சவுண்டும் பிறகு என்ற வரிசையில் போனால் பாதி முக்கோணங்கள் தாமாகவே மறையும். தங்கள் பக்கத்தில் வரிசை உண்டு, தேதி வரிசை. ஏழு மாதம் முந்தைய வெப்கேம் மேம்பாடு முதலில் நிற்கும், அடிப்படையான சிப்செட் கடைசியில் கிடக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு சவுண்டு மட்டும் வரவில்லை. தங்கள் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். குளிரூட்டிய அறை, டோக்கன், கழுத்தில் அட்டை தொங்கும் தம்பி. திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சு சார்" என்றார்.

"ஃபார்மட் அடிக்கிற வரைக்கும் பாட்டு கேட்டுச்சே தம்பி?"

"அப்படித்தான் சார் போகும்."

போர்டின் விலையைச் சொன்னார். அந்தப் பணத்துக்குத் தங்களுடைய புது மாடலையே தவணையில் எடுத்துவிடலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். பயிற்சி நன்றாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

அங்கிருந்து நேராகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். நாற்காலி போட இடமில்லாத கடை. கடைக்காரத் தம்பி முதலில் கேட்டது: "ஃபார்மட்டுக்கு முன்னாடி டிரைவர் பேக்கப் எடுத்தீங்களாண்ணா?" டிஸ்ம் என்ற கட்டளை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறதாம். ஒரே வரியில் நிறுவியிருக்கும் வெளி டிரைவர்கள் அத்தனையையும் பென்டிரைவில் இறக்கித் தந்துவிடுமாம். தங்கள் நிறுவனத்தில் எனக்கு இதைச் சொல்ல ஒருவர் இல்லை. அடுத்து, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி, டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைக் கிளப்பினார். ஸ்பீக்கர் பாடியது. வைஃபை, டச்பேட், பிரைட்னஸ் எல்லாம் வந்தன. கைரேகை மட்டும் வரவில்லை, அது லினக்ஸில் பலருக்கும் தகராறுதான் என்றார். "பாடுதுல்ல? அப்ப போர்டு நல்லாத்தாண்ணா இருக்கு, டிரைவர்தான் பிரச்சினை." ரியல்டெக் டிரைவரைத் தேடி விண்டோஸில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, டீ வாங்கச் சொன்னார்.

இந்த லினக்ஸ் தங்களுக்கு எரிச்சலூட்டலாம். அதன் பின்கதையில் ஒரு பிரிண்டர் இருப்பதைத் தாங்கள் அறிய வேண்டும். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. காகிதம் சிக்கினால் தகவல் சொல்லும்படி அதன் மென்பொருளைத் திருத்த நினைத்தார் அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-இல் குனு திட்டமாக அறிவிக்கப்பட்டது; பின்னாளில் லினக்ஸ் அதன் கருவிகளோடுதான் கைகோத்தது. 2012-இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரல் காட்டியதும் டிரைவர் சங்கதிக்காகத்தான். பத்து வருடம் கழித்து, 2022-இல், அந்த நிறுவனம் தன் கெர்னல் மாட்யூல்களின் மூலத்தைத் திறந்துவிட்டது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது, மேடையும் இல்லை. ஆகவே தாங்கள் பயப்படத் தேவையில்லை.

நான் கேட்பது சிறியது. எந்தக் கார்டு, எந்தச் சிப் உள்ளே இருக்கிறது என்று பெட்டியின் மேல் அச்சடியுங்கள். வரிசை எண்ணைத் தட்டினால் அந்தக் கணினிக்குரிய டிரைவர்கள் மொத்தமும் ஒரே கோப்பாக இறங்கட்டும், உத்தரவாதம் முடிந்த பிறகும். போர்டு போயிடுச்சு என்று சொல்வதற்கு முன் லினக்ஸ் பென்டிரைவைச் செருகிப் பார்க்கும் வழக்கத்தைச் சேவை மையத்தில் கட்டாயமாக்குங்கள். பழுதுநீக்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரிலேயே ஒரு வலைவாசல் திறந்திருக்கிறது. தாங்கள் இன்னும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்றால், பார்க்க நேரம் இதுதான்.

இப்படிக்கு,
உத்தரவாதம் முடிந்தவன்.

இணைப்பு: பென்டிரைவ் ஒன்று, காலியானது. மேற்படி கணினிக்குரிய டிரைவர்களை நிரப்பித் திருப்பி அனுப்பவும். பென்டிரைவ் போயிடுச்சு சார் என்று பதில் எழுத வேண்டாம், ரிச்சி தெருவில் சோதித்துத்தான் அனுப்புகிறேன்.